அறளை பெயர்தல்: டிமென்ஷியாவுக்கு எங்கள் ஊர்ச் சொல்

"அம்மம்மாவுக்கு அறளை பேந்திட்டுது."

வன்னியில், ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டில் இந்த ஒரு வசனத்தோடு எல்லாம் முடிந்துபோனது. எப்போதோ விற்றுவிட்ட மாட்டை அவிழ்த்துக் கட்டச் சொல்லுவா. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வண்டில் பூட்டச் சொல்லி விடிய எழும்பி நிற்பா. வயது போனால் அப்படித்தான் என்று இருந்துவிட்டோம். பிறசர் (இரத்த அழுத்தம்) பார்க்கவேனும் ஒருவரும் கூட்டிப்போகவில்லை. அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

எழுத்தில் 'அறளை பெயர்தல்', பேச்சில் 'பேந்திட்டுது'. பெயர்தல் என்றால் இருந்த இடம் விட்டு நீங்குதல். இடம்பெயர்தலில் வருவதும் இதே பெயர்தல்தான். போரில் இடம்பெயர்ந்த வன்னியில் அதற்கு விளக்கம் தேவையில்லை. இலத்தீன் வழி வந்த டிமென்ஷியாவைப் பிரித்தால், 'டெ' என்பது விலகல், 'மென்ஸ்' என்பது மனம். மனம் தன் இடத்தில் இல்லை என்பதைத்தான் அங்கும் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் சொல் அதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

இப்போது அச்சில் வழங்குவது மறதிநோய், முதுமை மறதி என்ற இரண்டும். மறதி இந்த நோயின் ஒரு முகம் மட்டுமே. பழகிய ஒழுங்கையில் வழி தவறுவதும், காசு எண்ணத் தடுமாறுவதும், வாய்க்குச் சொல் வராமல் நிற்பதும் அதில் அடங்கா. 'முதுமை மறதி' இன்னும் பிழை, வயதையே காரணமாக்கிவிடுகிறது. டிமென்ஷியாவுக்கு மிகப் பொதுவான காரணமான அல்சைமர் நோயை ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906இல் முதலில் எடுத்துரைத்தபோது, அவர் பேசிய பெண் நோயோடு மருத்துவமனைக்கு வந்தது 51 வயதில். 'அறிவாற்றல் இழப்பு' என்பதே பொருளுக்குக் கிட்ட நிற்கிறது.

அடுத்தது 'ஆபத்துக் காரணி'. காரணம் வேறு, காரணி வேறு. காரணி இருந்தால் நோய் வரும் வாய்ப்புக் கூடும், அவ்வளவுதான். 'பரம்பரை வருத்தம்' என்று சொல்லும்போது இந்த வேறுபாடு தொலைந்துபோகிறது. தமிழ்நாட்டில் மரபணு என்பதை எங்கள் பாடநூல் பரம்பரையலகு என்கிறது. அபோ-ஈ என்ற பரம்பரையலகு 19ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கிறது. உடலில் கொழுப்பைக் காவும் புரதம் ஒன்றுக்கு உரியது. அதன் 2, 3, 4 என்ற வடிவங்களில் தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றும் வரும். நாலாம் வடிவம் அல்சைமர் வாய்ப்பைக் கூட்டும், இரண்டு பக்கத்தாலும் வந்தால் இன்னும் கூட்டும். ஆனால் அதை வைத்துக்கொண்டே கடைசிவரை தெளிவாக வாழ்ந்தவர்களும் உண்டு, அது இல்லாமலே நோய் கண்டவர்களும் உண்டு. தாய்க்கு வந்தது மகளுக்கும் வந்தே தீரும் என்று சொல்ல முடியாது.

குருதிக்கலன் நல்ல தமிழ். 'வஸ்குலர்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேரான 'வாஸ்' என்ற இலத்தீனுக்கும் கலம் என்றே பொருள். உடல் நிறையில் ஏறக்குறைய 2 சதவீதமே உள்ள மூளை, உடல் எடுக்கும் ஒட்சிசனில் 20 சதவீதமளவு கேட்கும். பிறசர், சலரோகம் (நீரிழிவு), கொழுப்பு, புகைத்தல் எல்லாம் மூளையின் நுண்ணிய கலன்களைத் தடிக்கவைத்து அடைக்கின்றன. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நிறைய இருக்கும், துருசும் (மதகும்) திறந்திருக்கும். வயல் வாய்க்கால் தூர்ந்தால் கடைசி வயல் காயும். பாரிசவாதம் (பக்கவாதம்) வந்தால் வீடு முழுக்கத் தெரியும். இந்தக் காய்தல் வலியில்லாமல், சத்தமில்லாமல், ஆண்டுக்கணக்காக நடக்கும். நாற்பது ஐம்பது வயதில் கவனியாமல் விட்ட பிறசர் எழுபதில் கணக்குக் கேட்கிறது. நாலாம் வடிவம் இரத்தத்தில் கெட்ட கொழுப்பையும் கூட்டுவதால், பரம்பரையும் குருதிக்கலனும் தனித்தனிக் கதைகளும் அல்ல.

2024இல் லான்செட் மருத்துவ இதழின் டிமென்ஷியா ஆணையம் மாற்றக்கூடிய காரணிகள் 14ஐ எடுத்துக் கணித்தது. அவற்றை எல்லாம் நீக்க முடிந்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீதமான டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. கேள்விக்குறைவும் அந்தப் பட்டியலில் உண்டு; எங்கள் கிழவர்களுக்குக் காது கேளாததை நாங்கள் ஒரு வருத்தமாகவே எடுப்பதில்லை.

வீட்டில் 'அறளை பேந்திட்டுது' என்ற பேச்சு எழுந்தால், அன்றைக்கே கிளினிக் கொப்பியை எடுங்கள். மெல்ல மெல்ல வந்ததா, பாரிசவாதத்துக்குப் பிறகு சடுதியாக வந்ததா என்பதைச் சொல்லுங்கள். தைரொயிட் குறைவு, பி12 குறைவு போன்றவையும் இதே கோலத்தில் வரும். அவற்றுக்கு மருந்து இருக்கிறது.