கேரட் விலையும் ரெப்போ வட்டியும்

ஊட்டிப் பக்கம் கேத்தியில் விடிவதற்கு முன்பே கேரட் கழுவும் மெஷின் ஓடத் தொடங்கிவிடும். மண் போன கேரட்டை மூட்டை கட்டி, லாரி ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புவார்கள். நாலு நாள் மழை பிடித்துக்கொண்டால் வரத்து குறைந்து விலை ஏறும். அதற்காக மும்பையில் உட்கார்ந்து வட்டியைக் கூட்டினால் கேரட் முளைக்குமா? முளைக்காது. ரிசர்வ் வங்கிக்கும் அது தெரியும். அப்புறம் எதற்கு வட்டி?

2016இல் சட்டத்தைத் திருத்தி மத்திய அரசு ரிசர்வ் வங்கிக்கு ஓர் இலக்கு வைத்தது. சில்லறை விலைவாசி ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறலாம். 2க்குக் கீழே போகக் கூடாது, 6ஐத் தாண்டக் கூடாது. ரெப்போ வட்டியை ஆறு பேர் குழு ஓட்டுப் போட்டு முடிவு செய்யும்.

ரெப்போ என்பது கிட்டத்தட்ட அடகுதான். நாம் நகையை வைப்பதுபோல வங்கிகள் அரசுக் கடன் பத்திரங்களைக் கொடுத்து ரிசர்வ் வங்கியிடம் பணம் வாங்குகின்றன. அந்த வட்டி 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 4 சதவீதத்திலிருந்து 6.5க்கு ஏறியது. வங்கிகளும் நம் கடன் வட்டியை ஏற்றின. 7 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு வாங்கிய 10 லட்சம் வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை 7,753 ரூபாய். அதே கடன் 9.5 சதவீதமானால் 9,321. அந்த ஆயிரத்து ஐந்நூறு சொச்சம் ஊட்டி மார்க்கெட்டுக்கு வராது. பிக்கப் வண்டி வாங்கும் யோசனையும் தள்ளிப்போகும். பல வங்கிகள் தவணையை ஏற்றாமல் கடன் கட்டும் ஆண்டுகளைக் கூட்டின. அதனால் கை கடிப்பது உடனே தெரியாது. வட்டி மருந்து மெதுவாக வேலை செய்ய இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சரி, கேரட்டுக்கு வருவோம். மழை விட்டால் அதன் விலை தானே இறங்கும். ஆனால் விலைவாசியைச் சொல்லி அறுவடைக் கூலி ஏறி, லாரி வாடகை ஏறி, டீயும் இரண்டு ரூபாய் ஏறினால்? ஏறிய டீ விலை இறங்கி நான் பார்த்ததில்லை. ‘இன்னும் ஏறும்’ என்று ஊரே நினைத்துவிட்டால் எல்லோரும் முன்கூட்டியே ஏற்றுவார்கள். ரிசர்வ் வங்கி அஞ்சுவது இந்தத் தொற்றுக்குத்தான். வட்டியைக் கூட்டினால் கடையில் கூட்டம் குறையும்; அப்போது விலையை ஏற்றக் கடைக்காரரே யோசிப்பார்.

தொற்று இல்லையென்றால் காத்திருக்கலாம். 2023 ஜூலையில் தக்காளி எகிறி, விலைவாசி உயர்வு 7.44 சதவீதத்தைத் தொட்டது. ஆகஸ்டிலும் அக்டோபரிலும் கூடிய குழு வட்டியைத் தொடவில்லை. புதுத் தக்காளி சந்தைக்கு வந்தது. அக்டோபரில் விலைவாசி உயர்வு 4.87.