ஹொஸ்டா: வாழையும் அன்று, அல்லியும் அன்று

நிழலில் அகன்ற இலை விரித்து வளரும் ஹொஸ்டாவை ஆங்கிலத்தில் 'பிளான்டேன் லில்லி' என்றும் அழைப்பர். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'வாழை அல்லி' என்று எழுதினால், ஒரே பெயருக்குள் இரண்டு பிழைகள் புகுந்துவிடும். இங்கே பிளான்டேன் என்பது வாழையன்று. உள்ளங்கால் எனப் பொருள்படும் 'பிளான்டா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பெயர் பெற்ற, தரையோடு இலை பரப்பும் சிறு பூண்டு அது. நாம் மருந்துக் கடையில் வாங்கும் இசப்புக்கோலும் அந்தப் பேரினத்தைச் சேர்ந்ததே. வாழையைக் குறிக்கும் பிளான்டேன் ஸ்பானிய மொழி வழியாக வந்த வேறொரு சொல். ஆங்கில எழுத்துக்கூட்டலில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அல்லியோ நீரில் பூப்பது. ஹொஸ்டாவை முன்பு லில்லிக் குடும்பத்தில் வைத்திருந்தனர். இன்று அது நம் தண்ணீர்விட்டான் கொடியின் குடும்பத்தில் இருக்கிறது.

ஹொஸ்டா என்பது ஓர் ஆளின் பெயரிலிருந்து வந்தது. ஆஸ்திரியத் தாவரவியலாளரும் மருத்துவருமான நிக்கொலாஸ் தோமஸ் ஹோஸ்டின் நினைவாக, லியோபோல்ட் டிராட்டினிக் 1812இல் இப்பெயரை இட்டார். 1817இல் ஸ்பிரெங்கெல் என்ற தாவரவியலாளர் அதனை 'ஃபுங்கியா' என மாற்றினார். முதற்பெயரே பின்னர் நிலைபெற்றபோதும், ஜெர்மானியர் இன்னும் 'ஃபுங்கியே' என்றே சொல்கின்றனர். செடியின் தாயகமான கிழக்காசியாவிலோ பெயர்கள் பூவைப் பார்த்துப் பிறந்தவை. பாலத்துக் கைப்பிடித் தூண்களின் உச்சியில் வைக்கும் குமிழை மொட்டு ஒத்திருப்பதால் ஜப்பானியர் 'கிபோஷி' என்பர். சீனர் ஒரு வகையை 'ஜேட்' மணிக்கல் கொண்டையூசி என்பர்.

ஆளின் பெயரை மொழிபெயர்ப்பதில்லை. ஆகவே ஹொஸ்டா என்றே எழுதுவது முறை. காரணப்பெயர் வேண்டுமெனில், இலையில் ஆழப் பதிந்த நரம்பு வரிகளையும் பல வகைகளின் வெள்ளை, மஞ்சள் கீற்றுகளையும் ஒருங்கே சுட்டும் 'நிழல்வரியிலை' பொருந்தும் என்பது என் துணிவு. ஆனால் அதனை நடும் இடத்தை 'நிழல் தோட்டம்' என்று சொல்ல இலங்கையின் மலையகத்தில் இயலாது. தோட்டம் என்றால் இங்கே தேயிலைத் தோட்டம். நிழல் என்றதும் தேயிலைக்கு நடுவே நிற்கும் கிரவிலியா மரங்களே நினைவுக்கு வரும். 'நிழற்பூந்தோட்டம்' என்றால் ஐயம் எழாது.

பெயர் சூட்டியாயிற்று, செடி நிலைப்பதுதான் கடினம். ஹொஸ்டா குளிர்காலத்தில் இலை உதிர்த்துச் சில வாரங்கள் கடுங்குளிரில் உறங்கி எழ வேண்டிய செடி. மலையகத்து நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். தை, மாசியில் சில விடியல்களில் விழும் துகள் உறைபனி அந்த உறக்கத்துக்குப் போதாது. உறக்கம் கிட்டாத செடி ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துப்போகும். வளர்த்துப் பார்க்க விரும்புவோர், குளிர் போதாமையையும் ஓரளவு தாங்குவதும், மாலையில் விரிந்து மணக்கும் வெள்ளைப் பூக்களைத் தருவதுமான, மேலே சொன்ன சீன வகையைத் தேர்வது நன்று. இலைமக்கு கலந்த, நீர் தேங்காத மண்ணில் பூச்சாடியில் நட்டு, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைக்கலாம்; உச்சி வெயில் இலையோரத்தைக் கருக்கிவிடும். மழை மாதங்களில் நத்தைகள் ஓரிரவில் இலையைச் சல்லடையாக்கிவிடும் என்பதால், இருட்டிய பின் விளக்கோடு சென்று அவற்றைப் பொறுக்கி எடுப்பதே உறுதியான வழி. உறைபனி மாதங்களில் சாடியை வீட்டுக்குள் எடுக்காமல், குளிர் மிகுந்த வெளியிடத்திலேயே, நீரைக் குறைத்து விட்டுவைக்க வேண்டும்.