தகவமைப்பு அல்ல, தழுவல்

“இந்த அனிமே, மாங்காவின் சிறந்த தகவமைப்பு.” மாங்கா என்பது ஜப்பானியச் சித்திரக்கதை, அனிமே என்பது ஜப்பானிய அசைபடம்; இவை பற்றிய எந்த விமர்சனத்தைத் திறந்தாலும் இப்படி ஒரு வாக்கியம் வந்து நிற்கிறது. தகவமைப்பு என்றதும் எனக்கு அறிவியல் பாடப் புத்தகத்தின் சப்பாத்திக்கள்ளியும் ஒட்டகமும்தான் நினைவுக்கு வருகின்றன.

இப்படித் தகவமைப்பு என்று பெயர்க்கப்படும் ‘அடாப்டேஷன்’ லத்தீன் வழி வந்த சொல். பொருந்தச் செய்தல் என்று பொருள். ஜப்பானியர் ‘அனிமேகா’, அதாவது அனிமே ஆக்கம், என்று சுருக்கமாக முடித்துவிடுவார்கள். மூலப்படைப்புக்கு ‘கென்சாகு’. சொற்பிறப்பு இவ்வளவுதான்.

தகவமைப்பில் என்ன கோளாறு? ஓர் உயிரினம் பிழைத்திருப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக மாறுவது அது. மாற்றுகிறவர் என்று ஒருவரும் இல்லை. கள்ளிக்கு இயக்குநர் கிடையாது. மாங்காவை அனிமே ஆக்கும்போதோ, இந்த அத்தியாயம் வேண்டும், அது வேண்டாம் என்று ஒருவர் உட்கார்ந்து வெட்டுகிறார். அவரை இந்தச் சொல் மறைத்துவிடுகிறது. தழுவல் என்றால் தழுவுகிறவரும் உண்டு, தழுவப்படுவதும் உண்டு. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை அமலாதித்யன் ஆக்கியதைத் தழுவல் என்றுதானே சொல்கிறோம்?

ஆள்பெயரும் ஊர்ப்பெயரும் மாறினால்தான் தழுவல், இங்கே ஊடகம் மட்டும்தானே மாறுகிறது என்பார்கள். ஊடகம் மட்டுமா? ஹிரோமு அரகாவாவின் ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ மாங்கா 2001 முதல் 2010 வரை வந்து 27 தொகுதிகளில் முடிந்தது. போன்ஸ் ஸ்டுடியோ அதை இரண்டு முறை அனிமே ஆக்கியது. 2003இல் முதல் தொடர் ஆரம்பித்தபோது மாங்காவில் பாதிகூட வந்திருக்கவில்லை. எனவே 51 அத்தியாயங்களில் கதை தன் போக்கில் போய்த் தனி முடிவு கண்டது. மாங்காவில் ‘சினம்’ என்னும் ஹோமன்குலஸாக (ரசவாதத்தால் உருவாகும் செயற்கை மனிதனாக) வரும் கிங் பிராட்லி, இதில் ‘செருக்கு’. ஹோமன்குலஸ்கள் பிறக்கும் விதமே வேறு. 2009இல் வந்த ‘பிரதர்ஹுட்’ 64 அத்தியாயங்களில் மாங்காவின் முடிவுவரை கூடவே போகிறது.

இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல நன்னூலிலேயே சொல் இருக்கிறது. ‘முன்னோர் நூலின் முடிபு ஒருங்கு ஒத்து’, பின்னவன் வேண்டும் வேறுபாட்டையும் சொல்வது வழிநூல்; பிரதர்ஹுட் அதுதான். ஒரு பகுதி ஒத்துப்போய், ‘திரிபு வேறு உடையது’ புடைநூல். 2003 தொடருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. (புடைநூல் முதல்நூல், வழிநூல் இரண்டையும் சார்ந்து வருவது, 2003இல் வழிநூல் ஏது என்று புலவர்கள் மடக்கலாம். சரி, மடக்கட்டும்.) பொதுப்பெயர் தழுவல், அதற்குள் வழித்தழுவல், புடைத்தழுவல். இப்படி வைத்துக்கொண்டால், 2003 தொடர் மாங்காவுக்குத் துரோகம் செய்துவிட்டது என்ற ஓயாத சண்டையில் பாதி அடங்கிவிடும். புடைத்தழுவலை வழித்தழுவலின் அளவுகோலால் அளப்பதால் வரும் சண்டை அது.

நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதற்கெல்லாம் பொறுமை இல்லை. அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். மூல மாங்காவில் இல்லாமல் அனிமேயில் சேர்க்கும் கதையான ‘ஃபில்லர்’ இப்போது ‘நிரப்பி’யாம்! பல்லுக்கா, சுவருக்கா? ‘நருட்டோ’ அனிமேயின் முதல் தொடரின் 220 அத்தியாயங்களில் 135க்கு அப்புறம் கிட்டத்தட்ட கடைசிவரை மாங்காவில் இல்லாத கதைதான். ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்கள் இந்த மாதிரிச் சரக்குக்கு இடைச்செருகல் என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்.