எரமா: வனாந்தரமா, பங்குக்காடா?

பின்லாந்தின் வடகோடியில் உட்ஸ்யோகி, இனாரி வட்டாரங்களில் விரிந்து கிடக்கிறது கால்தோஐவி. பரப்பு ஏறத்தாழ 2,900 சதுர கி.மீ. மலைப்பூர்ச்ச (birch) மரங்கள் அங்கே ஒரே அடியிலிருந்து நாலைந்து தண்டுகளாகக் கிளம்பி, கோணல்மாணலாக, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். 1991இல் வந்த சட்டம் லாப்லாந்தில் 12 பகுதிகளை 'எரமா' என அறிவித்தது. கால்தோஐவி அவற்றில் ஒன்று. எரமாவுக்குத் தமிழ் தேடினால் கை தானாக 'வனாந்தரம்' என்று எழுதிவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பின்லாந்து மொழியில் 'எர' என்றால் பங்கு, கூறு. 'மா' என்றால் நிலம். இடைக்காலத்தில் தெற்கே ஹாமே, சதகுந்தா வட்டார உழவர்களுக்கு ஊரில் வயல் இருந்தது. வெகுதொலைவில் மீன்பிடிக்கவும் தோலுக்காக வேட்டையாடவும் இன்னொரு நிலமும் இருந்தது. அந்தத் தொலைநிலம்தான் எரமா. அங்கே வீடு கிடையாது, உரிமை உண்டு. பின்லாந்து அப்போது சுவீடன் ஆட்சியில் இருந்தது; 1542இல் சுவீடன் அரசர் குஸ்தாவ் வாசா, குடியில்லாத நிலமெல்லாம் கடவுளுக்கும் தமக்கும் சுவீடன் முடிக்கும் உரியது என்று அறிவித்தார்.

பின்லாந்து மொழி விவிலியம் பாலைநிலத்துக்கும் எரமா என்றே எழுதியது. தமிழில் வனாந்தரத்துக்கும் இதே கதிதான். வனம், அந்தரம் என்ற வடசொற்கள் கூடி, காட்டின் உட்பகுதியைக் குறித்த சொல் அது. விவிலியத் தமிழ் வழியாக யூதேயாவின் வறண்ட வெளிக்குப் போய், இப்போது கேட்டாலே ஆளில்லாப் பாழ்தான் நினைவுக்கு வருகிறது.

1991 சட்டமோ அந்நிலத்தின் இயல்போடு, அங்குள்ள பழங்குடிகளான சாமி (Sámi) மக்களின் பண்பாட்டையும் மரபுத் தொழில்களையும் சேர்த்தே காக்கிறது. நம் வனத்துறையின் 'காப்புக்காடு' நல்ல சொல்தான்; ஆனாலும் 'உள்ளே வராதே' என்ற பலகையும் கூடவே வந்துவிடுகிறது.

கொங்குப் பக்கம் "காட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்றால் மானாவாரி நிலத்துக்குப் போவது. சோளக்காடு, கம்பங்காடு எல்லாம் சோறு போடும் காடுகள். பிழைப்பையும் மரத்தையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழி நம்முடையது. அதனால் எரமாவைப் 'பங்குக்காடு' என்பேன்.

1965, 66 ஆண்டுகளில் உட்ஸ்யோகிப் பூர்ச்சங்களை அந்துப்பூச்சிப் புழுக்கள் மொட்டையாக்கின. பல இடங்களில் மரம் மறுபடி தழைக்கவே இல்லை. கோடையில் துளிர்க்கும் பூர்ச்ச இலையை மேயும் பனிமான்கள் பங்குக்காரர்களுடையவை.