எந்த ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தீர்கள்?

ஐபிஎல் சீசன் தொடங்கிவிட்டால் காது பரிசோதனைக்கு ஒரு தனி ரகக் கூட்டம் வரும். "நேத்து மேட்ச் போயிருந்தேன் மேடம், ராத்திரியிலேர்ந்து காதுல ஙொய்னு கேட்டுக்கிட்டே இருக்கு." ஆடியாலஜிஸ்டாக நான் முதலில் கேட்பது எந்த ஸ்டாண்டு, தலைக்கு மேல் கூரை இருந்ததா, பக்கத்தில் ஸ்பீக்கர் இருந்ததா என்பதைத்தான். கத்தினது ஜனங்கள்தானே, கட்டடத்துக்கு இதில் என்ன வேலை என்பதுபோல் பார்ப்பார்கள்.

நிறைய வேலை இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2002-இல் திறக்கப்பட்ட லூமன் ஃபீல்டு மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கால்பந்து ஆடுகிற இடம். இருக்கைகளில் சுமார் 70 சதவீதத்தை இரண்டு பெரிய வளைந்த கூரைகள் மூடியிருக்கின்றன. மழைக்கு ஒதுங்கவும் ஆகும், ஆனால் வானத்துக்குப் போய்த் தொலைய வேண்டிய சத்தத்தை ஸ்டாண்டுக்கும் புல்தரைக்கும் திருப்பி அனுப்புவதும் அவைதான். வடக்கு முனையில் உலோக பெஞ்சுகள் வேறு, காலால் மிதித்தால் போதும், தகரம் அதிர்வதுபோல் அதிரும். அந்த விளையாட்டில் எதிரணி பந்தை வைத்திருக்கும்போதுதான் உள்ளூர் ரசிகர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள், எதிரணியின் ஆட்டத்தை நடத்தும் வீரர் (குவாட்டர்பேக்) கொடுக்கும் குரல் அவருடைய சக வீரர்களுக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக. 2005 நவம்பரில் இங்கே ஆடிய நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி, பந்து நகரும் முன்பே அசைந்துவிட்ட தவறை ஒரே ஆட்டத்தில் 11 முறை செய்தது. 2011 ஜனவரி 8 அன்று உள்ளூர் அணி வீரர் மார்ஷான் லிஞ்ச் ஓடி எடுத்த ஒரு டச்டவுனுக்கு (அந்த ஆட்டத்தின் கோல் மாதிரி) எழுந்த ஆரவாரம் அருகிலிருந்த நிலநடுக்கக் கருவியிலேயே பதிவானது.

சரி, கூரைதான் எல்லாம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அதே ஆட்டம் நடக்கும், அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி நகரிலுள்ள ஆரோஹெட் மைதானத்துக்குக் கூரையே கிடையாது, நாலு பக்கமும் சூழ்ந்த ஆழமான கிண்ண வடிவம். 2014 செப்டம்பர் 29 அன்று 142.2 டெசிபல் என்ற கின்னஸ் சாதனை அங்கேதான் பதிவானது. ஆனால் அது ஒரு கணத்தின் உச்சம். சாதனைக்காகவே எல்லோரும் சேர்ந்து கத்தியது. ஆட்டம் முழுக்க அந்த அளவு இருந்தால் மைதானத்தில் ஒருத்தருக்கும் காது மிஞ்சாது.

மைதான வடிவமைப்பைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி விட்டுப்போகிற கேள்வி ஒன்று உண்டு: யாருடைய காதில்? வீரருக்குத் தூரம்தான் கணக்கு. சென்னை நேரு ஸ்டேடியத்தில் கால்பந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், நடுவில் ஓட்டப்பந்தயத் தடம் இருப்பதால் கூட்டம் எங்கேயோ தள்ளி நிற்பதுபோல் இருக்கும். லண்டனில் 2019-இல் திறந்த டாட்டன்ஹாம் மைதானத்தில் இதற்கு நேர் எதிராக, கோலுக்குப் பின்னால் 17,500 பேர் ஒரே அடுக்கில் உட்காரும் செங்குத்தான ஸ்டாண்டைக் கட்டி, முதல் வரிசையை எல்லைக்கோட்டிலிருந்து சுமார் 5 மீட்டரில் வைத்துவிட்டார்கள்.

பார்வையாளருக்கோ கணக்கே வேறு. உங்கள் காதைப் பதம் பார்ப்பது எதிர் ஸ்டாண்டு இல்லை, பக்கத்து சீட்டில் விசில் அடிப்பவரும் பின்னால் இருந்து கத்துபவரும்தான். அதோடு, மேலே தாழ்வான கான்கிரீட் கூரையும் முதுகுக்குப் பின்னால் சுவரும் இருந்தால் போன சத்தம் திரும்பி வந்து இதில் சேரும். அப்படி ஒரு 3 டெசிபல் கூடினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது நாங்கள் பின்பற்றும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 100-க்கு வந்தால் வெறும் 15 நிமிடம். டி20 மேட்ச் மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. ஆக, ஒரே டிக்கெட் விலையில் ஒருவர் காதுக்கு இன்னொருவர் காதைவிட இரண்டு மடங்கு வேலை கிடைக்கலாம்.

சேப்பாக்கத்தில் 2011-இல் வந்த புது ஸ்டாண்டுகளுக்கு இழுத்துக் கட்டிய மெல்லிய துணிக்கூரை போட்டார்கள். கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் இது தேவலாம், டிரம் மாதிரியான தாழ்ந்த சுருதி ஒலிகள் பெருமளவு வெளியேறிவிடும். ஆனால் கூரையில் மிச்சம் பிடித்ததை டிஜே செலவழித்துவிடுகிறார்! ஃபோருக்குப் பாட்டு, சிக்ஸருக்குப் பாட்டு, ஒன்றுமே நடக்காத ஓவருக்கும் பாட்டு. ஸ்பீக்கர் கத்த, அதற்கு மேல் நாம் கத்த. ஸ்பீக்கருக்கு நேர் எதிரே சீட் விழுந்திருந்தால் மாறி உட்கார வழி தேடுங்கள்.

எனக்கு ரசிகர்களைவிடக் கவலை, சீசன் முழுக்க ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் காவலர்களையும் படியேறித் தண்ணீர், பாப்கார்ன் விற்கும் பையன்களையும் பற்றித்தான். நமக்கு ஒரு நாள் கொண்டாட்டம், அவர்களுக்கு அது பணியிட இரைச்சல். ஆலையில் இதே சத்தம் இருந்தால் காதடைப்பான் கொடுத்தாக வேண்டும் என்பார்கள்.

குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் காதை முழுதாக மூடும் இயர்மஃப் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலை 2010-இல் வென்ற பிறகு வீரர் ட்ரூ ப்ரீஸ் தன் ஒரு வயது மகனைத் தூக்கிப்பிடித்த படத்தில் குழந்தையின் காதில் அதைத்தான் பார்க்கலாம். பெரியவர்களுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை இயர்பிளக் போதும், சரியாகப் போட்டால். விரலால் உருட்டி மெல்லிசாக்கி, மற்ற கையால் காதை மேலே பின்னோக்கி இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும் வரை ஒரு 30 விநாடி விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். நுனியில் சும்மா செருகினால் போடாததற்குச் சமம். பஞ்சு வைப்பதால் பெரிய பயனில்லை.

மேட்ச் முடிந்து காது மந்தமாக இருப்பதும் இரைவதும் உள்காதில் சத்தத்தை உணரும், நுண்ணிய முடி போன்ற இழைகள் கொண்ட செல்கள் களைத்துப்போனதன் அடையாளம். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும், ஆனால் செத்துப்போன செல் திரும்ப முளைக்காது. இரண்டு நாளுக்கு மேலும் இரைச்சல் நின்றபாடில்லை என்றால் வந்து பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கக் காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் அந்த இரண்டு நாள்கூடப் பொறுக்க வேண்டாம், அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் கிடைக்கும்.