லைட் டிரெஸ்பாஸ்: ஒளி அத்துமீறல்

ஒரு மனைக்கென்று வைத்த விளக்கின் வெளிச்சம் அந்த மனையின் எல்லையைத் தாண்டி, அதை வேண்டாதவர் இடத்தில் விழுவதே லைட் டிரெஸ்பாஸ். கடைவளாகத்து வாகன நிறுத்துமிடத்தின் கம்பத்து விளக்கு பின்தெரு வீட்டின் படுக்கையறைச் சன்னலில் விடியவிடிய அடித்துக்கொண்டிருந்தால், அதைக் குறிக்க அமெரிக்க நகராட்சி விதிகளில் வரும் சொல் இதுதான்.

ஒளி மாசு என்ற பெரிய தலைப்பின் கீழ் இது ஒரு பகுதி மட்டுமே. அதே தலைப்பில் கண்கூச்சம் ஒரு குறை, வானம் வெளிறிப்போவது இன்னொரு குறை. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பல புகார்கள் தீராமல் கிடக்கின்றன. விளக்கின் பளீரென்ற முகம் நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தே கண்ணைக் கூசவைக்கும். ஆனால் அங்கே சன்னலில் வெளிச்சம் அளக்கும் கருவியை வைத்தால் அளவு விதியின் வரம்புக்குள் நிற்கும். அது கண்கூச்சம், அத்துமீறல் அன்று. அதற்கு விளக்கின் முகம் தெரியாதபடி மறைப்பு கேட்கவேண்டும். எல்லையில் அளந்து பயனில்லை. வானத்துக்கான விதி வேறு வகை. வானாய்வகம் உள்ள அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் 1958-இல் விளம்பரத் தேடுவிளக்குகளுக்குத் தடை போட்டது. பின்னாளில் ஓர் ஏக்கருக்கு இத்தனை லூமன் (விளக்கு வெளிவிடும் ஒளியின் அலகு) என்று மொத்த ஒளிக்கும் கட்டுப்பாடு வைத்தது. மொத்தம் குறைவாக இருந்தாலும், இருக்கும் ஒரே விளக்கு வேலியோரம் பக்கத்து வீட்டைப் பார்த்து நின்றால் அத்துமீறல் அத்துமீறல்தான்.

இனி சொல்லின் பிறப்பு. லத்தீனில் டிரான்ஸ் என்றால் அப்பால், பாஸாரே என்றால் செல்லுதல். இரண்டும் சேர்ந்து பழைய பிரெஞ்சில் ‘கடந்து போதல்’ ஆயிற்று. இன்றைய பிரெஞ்சில் அதன் வழிவந்த டிரேப்பா என்ற சொல்லுக்கு மரணம் என்று பொருள். உயிர் கடந்து போவது. ஆங்கிலத்தில் அது முதலில் பாவம், நெறி பிறழ்தல் என்ற பொருளில் வழங்கி, பிறகு அடுத்தவர் நிலத்தில் உரிமையின்றி நுழைவதைக் குறிக்கும் சட்டச் சொல்லாக உறைந்தது.

சட்டத்தின் கண்ணில் வெளிச்சம் அப்படி ‘நுழைவது’ இல்லை என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கு ஒன்று, பக்கத்துக் குதிரைப் பந்தயத் திடலின் விளக்குகள் தன் திரையை வெளிறச் செய்வதாக வழக்குப் போட்டது. திரையில் விழுந்த வெளிச்சம் ஏறக்குறைய முழுநிலவின் அளவு. 1948-இல் மாநில உச்ச நீதிமன்றம் இது அத்துமீறல் ஆகாது என்றது. தொல்லை என்றும் ஏற்கவில்லை. திரையரங்கின் தேவை இயல்புக்கு மீறி நுட்பமானது என்பது காரணம். வெறும் ‘தொல்லை’ என்ற வாதம் எவ்வளவு தளர்வானது என்பதற்கு இந்தத் தீர்ப்பே போதும். நகராட்சி விதியில் ஓர் எண் இருக்கவேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதும் இதனால்தான். எண் இருந்தால் புகார் கொடுப்பவரும் கடைக்காரரும் ஒரே இடத்தில் ஒரே கருவியைப் பார்த்துப் பேசலாம்.

அந்த எண் அமெரிக்க விதிகளில் ஃபுட்கேண்டிலில் வரும். ஒரு சதுர அடிக்கு ஒரு லூமன் என்பது ஒரு ஃபுட்கேண்டில், அது 10.76 லக்ஸ். லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லூமன். குடியிருப்பை ஒட்டிய எல்லையில் 0.1, வணிக மனையை ஒட்டிய எல்லையில் 0.5 என்பவை அங்கே பரவலாகக் காணும் வரம்புகள். 0.1 ஃபுட்கேண்டில் என்றால் ஏறத்தாழ ஒரு லக்ஸ். முழுநிலவு தருவதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே இந்த வரம்பைக் கடுமையானது என்று சொல்ல இடமில்லை. பன்னாட்டு ஒளியியல் ஆணையமான சிஐஇ-யின் பரிந்துரை சன்னலில் விழும் வெளிச்சத்தை லக்ஸில் சொல்கிறது: புறநகர்க் குடியிருப்புகளில் முன்னிரவில் 10, ஊரடங்கும் நேரத்துக்குப் பின் 2. நேரத்தைப் பொறுத்து வரம்பு இறங்குவது நல்ல ஏற்பாடு. கடை மூடிய பின்பும் நிறுத்துமிடம் முழு வெளிச்சத்தில் எரிய ஒரு காரணமும் இல்லை.

அளப்பதில்தான் தகராறு. கருவி 0.1 லக்ஸ் வரை காட்டவேண்டும். சாய்வாக வரும் ஒளியையும் சரியாகக் கணக்கிடும் உணரி அதில் இருக்கவேண்டும். அந்தி முழுதும் அடங்கிய, நிலவில்லாத இரவு வேண்டும். மெல்லச் சூடேறி முழு ஒளிக்கு வரும் மெட்டல் ஹாலைடு விளக்கானால் ஏற்றி அரைமணி நேரம் போகட்டும். மூடியைப் போட்டுக் கருவியைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, எல்லைக் கோட்டில் நின்று அளந்து, வளாக விளக்குகளை அணைத்துவிட்டு அதே புள்ளியில் மறுபடி அளந்து கழிக்கவேண்டும். கழிக்காவிட்டால் தெருவிளக்கின் பங்கும் கடைக்காரர் கணக்கில் ஏறிவிடும்.

உணரியை வானம் பார்க்கப் படுக்கையாக வைப்பதா, விளக்கைப் பார்க்க நிமிர்த்தி வைப்பதா என்று விதியில் சொல்லியிருக்கவேண்டும். சொல்லாவிட்டால் அந்த விதியால் பயனில்லை. உணரியின் மட்டத்திலிருந்து 6 மீட்டர் உயரத்தில், 18 மீட்டர் தள்ளி விளக்கு இருந்தால், நிமிர்த்தி அளந்தது படுக்கையாக அளந்ததைப்போல் மூன்று மடங்கு காட்டும். சன்னல் நிமிர்ந்துதான் இருக்கிறது. எனவே குடியிருப்புப் பக்கம் 1.5 மீட்டர் உயரத்தில் நிமிர்த்தி அளப்பதே பொருத்தம்.

வடிவமைப்பாளருக்கு உள்ள சிக்கலும் உண்மையானது. வட அமெரிக்க ஒளியமைப்புச் சங்கமான ஐஇஎஸ் 1998-இல் வெளியிட்ட நிறுத்துமிட வழிகாட்டியில், தரையில் எந்த இடத்திலும் 0.2 ஃபுட்கேண்டிலுக்குக் குறையக்கூடாது. மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக மங்கலான இடத்துக்கும் விகிதம் 20:1-ஐத் தாண்டக்கூடாது. வேலியை ஒட்டிய கடைசிக் கார் வரிசையில் 0.2 இருக்கவேண்டும், சில அடி தள்ளி எல்லையில் 0.1-க்குக் கீழே இறங்கவேண்டும். உயரமான கம்பத்தை நடுவில் நிறுத்தி நாலாபுறமும் பரப்பினால் இது நடக்காது. கம்பத்தை எல்லையோரம் உயரம் குறைத்து நட்டு, முன்னோக்கி மட்டும் வீசும் மூன்றாம் அல்லது நான்காம் வகைப் பரவல் கொண்ட விளக்கை உள்பக்கம் பார்க்கவைத்து, முதுகுப்புறம் வீட்டுப்பக்க மறைப்புத் தகட்டைப் பொருத்தவேண்டும். எல்லையோரத்தில் ஐந்தாம் வகை வட்டப் பரவலை வைத்தால் பாதி ஒளி அடுத்த மனைக்குப் போய்விடும்.

நகராட்சிகள் எடுத்தாள்வதற்கென்று எழுதப்பட்ட 2011-இன் மாதிரி விளக்கு விதி இதைக் கம்ப உயரத்தோடு இணைக்கிறது. குடியிருப்பு சார்ந்த இரண்டாம் மண்டலத்தில், விளக்கு எல்லையிலிருந்து தன் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தள்ளி இருந்தால் பின்னொளித் தரம், அதாவது விளக்கின் முதுகுப்புறம் போகும் ஒளியைக் குறிக்கும் எண், 4 வரை போகலாம். பாதி உயரத்துக்கும் உள்ளே நெருங்கினால் 0 மட்டுமே.

தவறு நேரும் இடங்கள் பெரும்பாலும் இவையே. முதலாவது கணக்கு. தூசியும் தேய்மானமும் ஒளியைக் குறைக்கும் என்று 0.8 போன்ற குணகத்தால் பெருக்குவது தரைக்குச் சரி. எல்லைக் கணக்கில் அப்படிப் பெருக்கினால், வரைபடம் 0.09 காட்டும், புது விளக்கு முதல் இரவே 0.11 தரும். எல்லைக்குக் குணகம் 1 தான். அடுத்தது சாய்வு. நேர்கீழிலிருந்து அளந்து தொண்ணூறு பாகைக்கு மேல் துளி ஒளியும் விடாத முழுமறைப்பு விளக்கை வாங்கி, பொருத்துபவர் இன்னும் தூரம் வீசட்டும் என்று மேலே தூக்கிவிட்டால் மறைப்பு போயிற்று. முழுமறைப்பு என்ற சான்று அத்துமீறலைத் தடுப்பதாக எண்ணுவதும் பிழை. எழுபது பாகையில் போகும் ஒளி தாராளமாகப் பக்கத்து வீட்டை எட்டும். பழைய பெட்டி விளக்கில் சோளக்கதிர் வடிவ எல்இடியை மாட்டினால், பிரதிபலிப்பான் வேறு பல்புக்குச் செய்தது என்பதால் பரவலே மாறிவிடும். வளாகம் மேட்டிலும் வீடு பள்ளத்திலும் இருந்தால், மட்டமான தரைக்குக் கணக்கிட்ட மறைப்புத் தகடு உதவாது.

தமிழில் இதற்கு ‘ஒளி ஊடுருவல்’ என்று எழுதுவது பொருந்தாது. கண்ணாடியை ஒளி ஊடுருவும் பொருள் என்று பள்ளி அறிவியலிலேயே படித்துவிட்டோம். அது பொருளின் தன்மை, இங்கே பேச்சு எல்லை பற்றியது. ‘ஒளித் தொல்லை’ என்றால் கண்கூச்சமும் அதில் அடங்கிவிடும். ‘ஒளி வரம்புமீறல்’ அழகாக இருக்கிறது, வயல் வரப்பு நினைவுக்கு வரும். ஆனால் 0.1 என்ற எண்ணையும் வரம்பு என்றே சொல்லவேண்டியிருப்பதால் விதிவாசகத்தில் இரண்டும் மோதும்.

‘ஒளி அத்துமீறல்’ என்பதே எங்கள் தேர்வு. அத்து என்றால் எல்லை. ஹத் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்து தமிழில் கலந்துவிட்டது. அத்துமீறி நுழைதல் என்பது காவல்நிலையப் புகாரிலும் நாளிதழிலும் அன்றாடம் புழங்கும் தொடர். டிரெஸ்பாஸுக்கு ஏற்கெனவே நிலைத்த ஈடும் அதுவே. தனித்தமிழ்தான் வேண்டும் என்பவர்கள் ‘ஒளி எல்லைமீறல்’ எனலாம், பொருள் குறையாது.

விதிவாசகத்தில் இப்படி அமையும்: “குடியிருப்பு மனையை ஒட்டிய எல்லைக் கோட்டில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், விளக்கை நோக்கி நிமிர்த்திய உணரியில், வளாக விளக்குகளால் மட்டும் விழும் வெளிச்சம் 1 லக்ஸைத் தாண்டினால் அது ஒளி அத்துமீறல் ஆகும்.”