ஈர மூட்டையும் டைப் ஹின்டும்

இந்தச் சிறுபோக அறுவடையில், மென்பொருள் பிழைத்துவிட்டது என்று எனக்கு வந்த மூன்றாவது கோல் இது. கிளிநொச்சிப் பக்கம் ஒரு நெல் களஞ்சியம். மூட்டைகளில் ஆகக்கூடிய ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினால் காயவைத்துவரச் சொல்ல வேண்டும். ஒரு கமக்காரரின் மூன்று மூட்டைகள்: 9.8, 13.5, 16.2. ஆகக்கூடியது 9.8 என்று மென்பொருள் உள்ளே எடுத்துவிட்டது. ஈர மூட்டை அடுக்கிலேயே சூடேறி, பக்கத்து மூட்டைகளுக்கும் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

அந்த மென்பொருள் பைத்தன் என்ற நிரல்மொழியில் எழுதியது. சிஎஸ்வி கோப்பிலிருந்து, அதாவது காற்புள்ளி போட்டுப் பிரித்த அட்டவணையிலிருந்து, பைத்தனுக்குச் சாதாரணமாக வருவதெல்லாம் எண் அல்ல, எழுத்து. எழுத்தாக ஒப்பிட்டால் 16.2ஐ விட 9.8 பெரியது, 1ஐ விட 9 பெரியது என்று முதல் எழுத்திலேயே முடிவாகிவிடும்.

"ஃப்ளோட் லிஸ்ட் என்று டைப் ஹின்ட் போட்டிருக்கிறேனே அக்கா" என்கிறார் மென்பொருளை எழுதிய தம்பி. இங்கே வருவது தசம எண்களின் பட்டியல் என்று நிரலில் எழுதிவைக்கும் குறிப்புத்தான் அது. இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. 2015இல் பைத்தன் 3.5உடன் வந்த அந்த டைப் ஹின்டை, நிரல் ஓடும்போது பைத்தன் சரிபார்ப்பதே இல்லை. 'உள்ளே வராதீர்கள்' என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறீர்கள், படலை திறந்தே கிடக்கிறது. மைபை போன்ற, வகைகளைச் சரிபார்க்கும் கருவி ஒன்றைத் தனியாக ஓட்டினால்தான் அது பிழை சொல்லும். தம்பியின் கணினியில் அது இல்லவே இல்லை.

ஆகக்கூடியதைத் தேட, எந்த வகைத் தரவுக்கும் பொதுவாக ஒரே பங்சன், அதாவது ஒரே நிரல் துண்டு, எழுதாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பெயர், திகதி, நிறை எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும், திருத்துவதும் ஓரிடத்தில்தான். ஆனால் அது கேட்பது "இவற்றை ஒப்பிட முடியுமா" என்பதை மட்டும். எண்ணும் எழுத்தும் கலந்து வந்தால் பைத்தன் பிழை காட்டி நிற்கும். எல்லாமே எழுத்தாக வந்தால் சத்தமில்லாமல் பிழையான விடை தரும்.

வகைக்கு ஒரு பங்சன் எழுதி, வருவதற்கேற்ப ஒன்றைத் தெரிய வைக்கும் பைத்தனின் சிங்கிள்டிஸ்பாட்ச் போட்டாலும் தப்ப முடியாது. அது பங்சனுக்குக் கொடுப்பவற்றில் (ஆர்கியூமென்ட்) முதலாவதின் வகையை மட்டும் பார்க்கும். லிஸ்ட் என்றால் லிஸ்ட், உள்ளே இருப்பதைத் தொடாது. ஜூலியா என்ற இன்னொரு நிரல்மொழி எல்லா ஆர்கியூமென்டையும் பார்க்கும், எழுத்து வரிசையையும் எண் வரிசையையும் பிரித்தறியும். அப்புறம், ஒரே பெயரில் உள்ள பத்துப் பங்சன்களில் எது ஓடியது என்று தேடி மாய வேண்டும்.

கோப்பை வாசிக்கும் இடத்திலேயே எண்ணாக மாற்றுங்கள். மாறாத வரியை அங்கேயே நிறுத்துங்கள், வெற்றுக் கட்டத்தைப் பூச்சியமாக்காதீர்கள். சோதிக்கும்போது 9.8ஐயும் 16.2ஐயும் சேர்த்தே கொடுங்கள். தம்பி கொடுத்தவை எல்லாம் 12, 13, 15 என்று இரண்டிலக்கம். எழுத்தாக ஒப்பிட்டாலும் அவை சரியாகத்தான் வரும்.

சந்தேகம் இருந்தால், மூட்டை ஏறுவதற்கு முன் ஒரு கோல் எடுங்கள் பிள்ளைகளே, இரவானாலும் பரவாயில்லை.